முனிக்குப் போகாத சோறு

முப்பது வருடம் இரும்பின் மேல் நின்று பிழைத்தவன் நான். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நான் போல்ட் முடுக்கிய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பற்றி எழுதச் சொன்னால் பெருமையடித்து நூறு பக்கம் எழுதுவேன். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் கை போய் நிற்பது, ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் தூக்கி நிறுத்திய அறுபதடிக் கோபுரத்தில்தான். உயரத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதன் மேல் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு பதில், எனக்குச் சோறு போட்ட பெண்ணை இந்த நாட்டை விட்டே அனுப்பிவிட்டது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம், கம்யூனிஸ்டுகளை அடக்க அவன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஆட்கள் அரிசி கொடுக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயத்து வீடுகளைக் காலி செய்து, ஆட்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து அடைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். வேலிக்கு ஒரே ஒரு கேட். காலையில் பால் வெட்டப் போகிறவர்களை அங்கே வரிசையில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு பிடி சோறு, ஒரு ரொட்டித் துண்டுகூட வெளியே போகக்கூடாது. பசித்தால் வேலை முடிந்து வந்து உள்ளே சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேலிக்குள்தான் எங்கள் கோபுரம். மேலே தண்ணீர்த் தொட்டி, அதற்கும் மேலே காட்டுப் பக்கம் வெளிச்சம் அடிக்க ஒரு சர்ச் லைட்.

எனக்குப் பாச்சாங்கில் பட்டறை வைத்திருந்த ஒரு சீனக் குத்தகைக்காரரிடம் வேலை. கோபுரத்துக்கு வந்த ஆறு பேரில், மண்டோர் என்கிற மேஸ்திரியும் மற்ற நால்வரும் சீனர்கள். நான் ஒருவன்தான் தமிழன். எங்களுக்குள் பேச்சு மலாயில். தோட்டத்துப் பிள்ளைகள் எனக்கு 'பெசி மாமா' என்று பெயர் வைத்தார்கள். பெசி என்றால் மலாயில் இரும்பு. பெரியவர்களுக்கு நான் பெசித் தம்பி.

வேலை இதுதான். கீழே இருப்பவர்கள் கப்பியில் கயிறு போட்டு இரும்புச் சட்டத்தை மேலே இழுப்பார்கள். மேலே நானும் இன்னொருவனும் ஆளுக்கொரு கோபுரக்காலில் உட்கார்ந்து அதைப் பிடித்து இழுத்து, ஓட்டைக்கு ஓட்டை சேர்த்து, போல்ட்டைப் போட்டு முடுக்குவோம். இடுப்பில் பெல்ட் கிடையாது, தலையில் தொப்பி கிடையாது. தொடையால் இரும்பைக் கவ்விக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கீழே பெண்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், ஏணியைத் தொடாமல் குறுக்குச் சட்டத்திலேயே நடந்து காட்டுவேன். கொழுப்பு.

அதே கொழுப்பு வாயிலும் இருந்தது. பாச்சாங்கில் ஒரு முடிவெட்டும் கடையில் மாலையானால் நாலு பேர் கூடிப் பத்திரிகை படிப்போம். சாமியாவது பூதமாவது என்று அங்கே பேசிப் பேசி எனக்கு நாக்கு நீண்டுவிட்டது. தோட்டத்துக்கு வந்த முதல் வாரமே கிராணியை வம்புக்கு இழுத்தேன். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற மனிதர், நெற்றி நிறைய விபூதி. "உங்க சாமிக்கு சக்தி இருந்தா இந்தக் கம்பி வேலியப் பிடுங்கிப் போடட்டுமே கிராணியாரே" என்று ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் முன்னால் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வயசு தம்பி, வயசு" என்றார். அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குச் சோறு போட்டவர் ஒரு பால்வெட்டுக்கார அக்கா. நாங்கள் தங்கியிருந்த அறைக்கு இரண்டு கதவு தள்ளி அவருடைய வீடு. ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். வீட்டுக்காரர் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிறவர், நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை. இரண்டு பெண் பிள்ளைகள். "தனி ஆளு எங்க போய் தின்னும், நம்ம வீட்டுலயே தின்னட்டும்" என்று முதல் நாளே அக்கா சொல்லிவிட்டார். அரிசி அளந்து கொடுத்த காலம் அது. என் பங்கு அரிசியை அவரிடம் கொடுத்துவிடுவேன். என் தட்டில் விழுந்தது அதைவிட அதிகம் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

இரண்டாம் அடுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரும்பில் பூசிய சிவப்புப் பெயிண்ட் ஈரத்தில் வழுக்கும் என்று தெரிந்தும் குறுக்குச் சட்டத்தில் நடந்தேன். கால் வழுக்கியது. அடுத்த நொடி நான் நாற்பதடி உயரத்தில் ஒரு அக்குளால் தொங்கிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஸ்பானர் போய் மண்ணில் குத்தி நின்றது. "ஹாத்தி ஹாத்தி லா!" என்று மண்டோர் கத்தினார். ஜாக்கிரதை என்று. ஏறி உட்கார்ந்து சிரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு போல்ட்டைக்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை.

வேலை தொடங்கிய அன்று மண்டோர் கோபுரத்துக்காலுக்கு ஊதுபத்தி ஏற்றி, ஆரஞ்சும் வறுத்த கோழியும் வைத்துக் கும்பிட்டிருந்தார். நான் தள்ளி நின்று பீடி குடித்தேன். இப்போது தொங்கி எழுந்த பிறகு எனக்கு அதுவே ஞாபகம். அவனவன் சாமிக்கு அவனவன் கொடுத்துவிட்டான், என் சாமிக்கு யார் கொடுத்தது என்று. நான் பிறந்தது அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில். மரம் வெட்டினாலும் கிணறு தோண்டினாலும் முனிக்கு ஒரு படையல் போடாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். பாச்சாங் முடிவெட்டும் கடையில் படித்ததெல்லாம் ஒரே வழுக்கலில் போய்விட்டது.

முனிக்கு ஒரு படையல் போட வேண்டும் என்று அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். வெட்கத்தோடுதான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"சாமி இல்லன்னு சொன்ன வாய்தானா இது?"

"சும்மா இருங்கக்கா. போட முடியுமா முடியாதா?"

"அதுக்கென்ன, குழாயடி முனிக்கு நாளைக்கே போட்டுடலாம்."

வேலிக்குள் வந்தபோது ஆட்கள் பழைய இடத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதுதான் குழாயடி முனி. அங்கே ஒரு படையல் போட்டால் ஊர் முழுக்கப் பார்க்கும். கிராணி தினமும் அந்த வழியாகத்தான் ஆபீசுக்குப் போவார்.

"அங்க வேணாம்கா. பழைய எடத்துலயே போடுங்க."

"பழைய எடம் வேலிக்கு வெளிய, ஆத்தோரத்துல இருக்கு. சோத்த எப்படிக் கொண்டு போறது? மாத்தா புடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?" மாத்தா என்றால் போலீஸ்.

"நீங்க பால் வெட்டுற நெரை அந்தப் பக்கம்தானே. ஒட்டுப்பால் சாக்குக்கு அடியில வெச்சுக் கொண்டு போனா யாருக்குத் தெரியும்?"

"இங்கயே போட்டா என்ன தம்பி? எந்தக் கல்லா இருந்தா என்ன, முனி முனிதானே?"

"அந்தக் கிராணி வாயில நான் விழணுமா?"

அவர் என்னையே பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் மூக்கு நுனியில் கோபம் வரும் எனக்கு. "முடியாதுன்னா சொல்லிடுங்க. நாளைக்கு மேலருந்து விழுந்து செத்தா அப்ப வந்து அழுங்க" என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "வாயக் கழுவு. கொண்டு போறேன்" என்றார். எனக்காக என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

இதை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் எனக்குத் தப்பிக்க இடமில்லை. உள்ளே ஒரு முனி இருந்தார். நான் பத்துப் பேர் முன்னால் வாயடித்தவன் என்கிற ஒரே காரணத்துக்காக அந்தப் பெண் வேலியைத் தாண்ட வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் மேலே ஏறிவிட்டேன். உச்சியிலிருந்து பார்த்தால் கேட் கைக்கெட்டும் தூரம் மாதிரி தெரியும். பெண்கள் பழைய கோட்டும் தலைத்துணியுமாக, தோளில் வைத்த காண்டாக் கம்பில் வாளிகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அக்கா நடுவில். வழக்கமாக மாத்தாக்கள் வாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்து ரோட்டில் ஒரு லாரியைக் கம்யூனிஸ்டுகள் சுட்டிருந்தார்கள். அன்று ஜீப்பில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் வந்திருந்தார். ஒவ்வொரு சாக்கையும் உதறிக் கொட்டினார்கள்.

அக்காவின் சாக்கிலிருந்து விழுந்த பொட்டலத்தை ஒருவன் மேசையில் வைத்துப் பிரித்தான். நான் மேலேயிருந்து பார்த்தேன். வாழை இலையில் வெள்ளையாகச் சோறு. சுட்ட கருவாடு, அவித்த முட்டை, ஒரு சுருட்டு, ஒரு தீப்பெட்டி. முனிக்கு வேண்டியதெல்லாம் ஒன்று குறையாமல் வைத்திருந்தார். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஆளுக்கு வேண்டியதும் அதேதான். சோற்றையாவது பசிக்குக் கொண்டு போனேன் என்று சொல்லலாம். சுருட்டுக்கு என்ன சொல்வது?

வரிசை அப்படியே கலைந்து விலகியது. அக்கா கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். நான் இறங்கியிருக்க வேண்டும். ஏணி பக்கத்தில் இருந்தது. கீழேயிருந்து அடுத்த சட்டம் கயிற்றில் ஏறி வந்தது. நான் அதைப் பிடித்து இழுத்து, போல்ட்டைப் போட்டு முடுக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கிராணி கோபுரத்தடிக்கு வந்தார். ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கியது.

"தம்பி! கீழ எறங்கி வா!"

"வேலையில இருக்கேன். என்னான்னு சொல்லுங்க!"

"அந்தம்மா உனக்காகத்தான் முனிக்குப் படையல் கொண்டு போனேன்னு சொல்லுது. நெசமா? நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு, நான் நம்ம தோட்டத்து தொரைகிட்ட பேசுறேன். அந்த ஆபீசர் வேற மாதிரி எழுதிக்கிட்டு இருக்கான்!"

எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுச் சொல்லிவிட்டாரே என்று அக்கா மேல் கோபம். அதற்குப் பிறகுதான் பயம். இறங்கிப் போனால் என்னையும் ஜீப்பில் ஏற்றுவார்கள், யார் எவர் என்று விசாரிப்பார்கள், விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் உள்ளே வைப்பார்கள். இது பாதி. மீதிப் பாதி, அந்த விபூதி நெற்றி அண்ணாந்து என் பதிலுக்காகக் காத்திருந்தது. 'ஆமாம், நான் சாமிக்குப் பயந்துவிட்டேன்' என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான் உங்ககிட்டயே சொன்னேனே கிராணியாரே. எனக்கு ஏது சாமி?"

அவர் உடனே போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து போனார். வரும்போது ஓடி வந்தவர்.

அக்காவை லாரியில் ஏற்றினார்கள். ஏறுமுன் அவர் கோபுரத்தைப் பார்த்து நின்றார். நான் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அன்று வேலை நன்றாக ஓடியது. மாலையில் மண்டோர் என் முதுகில் தட்டி, "பாகுஸ்" என்றார். நல்ல வேலை என்று.

நானும் இறங்கிப் போயிருந்தால் இரண்டு பேரையும் பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கிராணி பாதி நம்பித்தான் ஓடி வந்தார். துரைக்கும் அந்த அக்காவைத் தெரியும். படையல் போடச் சொன்ன ஆள் நேரில் வந்து நின்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அன்று மத்தியானமே அவர் வீட்டுக்கு வந்திருக்க இடமுண்டு. அந்த ஒரு வார்த்தை என்னிடம்தான் இருந்தது.

அன்று மாலை அந்த வீட்டுப் பக்கம் போகத் துணிச்சல் இல்லாமல், சீனக் கூட்டாளிகளோடு போய் உட்கார்ந்துகொண்டேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்த நேரம் அக்காவின் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்தேன்.

"வா, சோறு ஆறுது" என்றார்.

போனேன். அவரே வடித்த சோறு, கொஞ்சம் குழைந்திருந்தது. பெரிய பெண் தட்டு வைத்தாள். சின்னவள் அம்மா எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்தால் எவன் சோறு போடுவான்? வேலை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன். ஒருநாள்கூட அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அக்காவைத் தடுப்பு முகாமில் வைத்திருந்து, சில மாதம் கழித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சிங்கப்பூரில் இருக்கும்போது கேள்விப்பட்டேன். ஐந்து வயதில் விட்டு வந்த ஊர். அங்கே யாரோ ஒரு பெரியப்பா மகன் இருந்தாராம். பிள்ளைகளை அந்தப் பஞ்சத்துக்கு இழுத்துப் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று அக்காவே சொல்லிவிட்டாராம். அதைச் சொன்னவனிடம் "அப்படியா, பாவம்" என்றேன். அன்று பதினோராவது மாடியில் நின்றிருந்தேன்.

என்னோடு ஏறியவர்களில் மூன்று பேர் விழுந்து செத்தார்கள். ஒருவன் என் கண் முன்னாலேயே போனான். எனக்கு ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. "உனக்கு ஏதோ சாமி துணை இருக்குலா" என்பார்கள் கூட்டாளிகள். நான் சிரித்து வைப்பேன். அறைக்குப் போனால் சிரிப்பு வராது. போய்ச் சேராத ஒரு படையலை நம்பி முப்பது வருடம் பிழைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன்.

வேலையை விட்ட பிறகு, ஒரு கல்யாணத்துக்காக ஜாசினுக்குப் போயிருந்தேன். பாசாரில் பூ வாங்க நின்றேன். கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் முகம் அப்படியே. பேசாமல் பூவை வாங்கிக்கொண்டு நகர்ந்திருக்கலாம். என்னவோ, வாய் கேட்டுவிட்டது.

"எந்தத் தோட்டம்மா நீங்க?"

சொன்னார்.

"அங்க ஒரு தண்ணி டவர் இருந்துச்சே. இன்னும் இருக்கா?"

அவர் கையிலிருந்த நாரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெசி மாமாவா?" என்றார். பெரிய பெண். அன்று எனக்குத் தட்டு வைத்தவள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டேன். இறந்து எட்டு வருடமாம். திரும்பி வரவே விடவில்லையாம்.

"காயிதம் போடும் மாமா. ஒவ்வொரு காயிதத்துலயும் உங்களத்தான் கேக்கும். பெசித் தம்பி நல்லாருக்கானா, முனிக்குப் போட்டாச்சான்னு. நேந்த படையல் போய்ச் சேரலன்னா ஒசரத்துல நிக்கிற புள்ளைக்கு ஆகாதுன்னு ஒரே பயம் அதுக்கு. வேலியப் பிரிச்சதும் அப்பா பழைய எடத்துக்குப் போய்ப் போட்டாரு. அப்புறம் வருசா வருசம். சோறு, கருவாடு, சுருட்டு எல்லாம் வெச்சு, உங்க பேரச் சொல்லித்தான் போடுவாரு."

நான் பூக்கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். "நான் அன்னிக்குக் கிராணிகிட்ட சொன்னது அப்பாவுக்கு…"

"தெரியும். அன்னிக்கு மத்தியானமே கிராணி வந்து சொல்லிட்டாரு." அவர் குரலில் கோபம் இல்லை. விலை சொல்வது போலச் சொன்னார். "அம்மாவுக்குத்தான் தெரியாது. காத்துல நான் கூப்பிட்டது மேல தம்பிக்குக் கேக்கலம்மான்னு கிராணி அதுகிட்ட சொல்லி அனுப்பிட்டாராம். அப்பாவும் கடைசி வரைக்கும் எழுதல. எங்களையும் எழுத விடல. அந்த வேதனை வேற அதுக்கு எதுக்குன்னு."

மன்னித்துவிடு என்று சொல்லலாம். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு அந்த வார்த்தையை எடுக்க அசிங்கமாக இருந்தது. அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் பூவை இலையில் சுற்றி என் கையில் வைத்தார்.

"அப்பாவும் போன வருசம் போயிட்டாரு மாமா. இனிமே போட ஆளில்ல. நீங்களே போட்டுக்குங்க."

அடுத்து நின்ற ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பிவிட்டார்.

பஸ் நிலையத்துக்கு வந்தேன். அந்தத் தோட்டம் வழியாகப் போகிற பஸ் புறப்படத் தயாராக நின்றது. கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, ஏறுகிறீர்களா என்று கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார். நான் ஏறவில்லை.